எள்ளலும் வேண்டலும்

வசையை மறைத்துக் கூறுதலைப் பழிகரப்பென்று தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறினார். தாம்பரத்து மின்தொடர்வண்டியில் இளைஞர் கைப்பேசியிற் கண்டு நகைப்பனவும் பெரும்பாலும் அவ்வகையினவே. மீம் என்பது இக்காலத்தார் இட்ட பெயர். 2019 மே மாத இறுதியில், 'பிரண்ட்ஸ்' (2001) என்னுந் திரைப்படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் தலையிற் சுத்தியல் வீழ்ந்ததை அன்று நிகழ்ந்ததேபோற் கொண்டு, அவர் நலம்பெற இறைஞ்சுமின் எனத் தமிழர் டுவிட்டரில் எழுதினர். அவ்வேண்டுகோள் உலகெங்கும் பரவிற்று. நகைச்சுவை நன்றே, எவர்க்குங் கேடில்லை. ஆயினும், வேண்டியவருள் ஒருவரேனும் உண்மையில் வேண்டினாரல்லர். சொல்லும் உள்ளமும் வேறாய் நிற்றல் எள்ளலின் இயல்பாயின், இதன்கட் குறை யாதெனச் சிலர் வினவுவர்.

அவர் தாம்பரத்துக்கு அணித்தாகிய குன்றத்தூரை நினைத்தல் வேண்டும். அவ்வூரிற் பிறந்த சேக்கிழார், சங்கிலியார்க்குச் செய்த சூள் பிழைத்துக் கண்ணிழந்த சுந்தரர் வரலாற்றைப் பெரியபுராணத்தில் விரித்தோதினார். காஞ்சியில் ஒரு கண்ணே பெற்ற சுந்தரர், திருவாரூரை அடைந்து, தம் துயர் தீராத இறைவனை இனிது வாழ்கவென வாழ்த்திப் பாடினார். உருவில் வாழ்த்து, உள்ளே சுடுசொல். ஈண்டும் சொல்லும் உள்ளமும் வேறே. ஆயின் சொல்லியவர் கண்ணிழந்தவர். கேட்போனும் அவர்தந் தோழன். மற்றைக் கண்ணும் ஆண்டே பெற்றார். நேசமணிக்கு இறைஞ்சியவர் எவரை நோக்கி இறைஞ்சினர்?