ஹியூமின் சமய உரையாடலும் ஒழுக்க வினாவும்

ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் 1711-இற் பிறந்து 1776-இல் மறைந்த டேவிட் ஹியூம் என்பார், கிறித்து மதக் கொள்கைகளை ஐயுற்று ஆராய்ந்தோருள் தலைசிறந்தவர். இருபத்தைந்து யாண்டளவு கைக்கண் வைத்துத் திருத்தி வந்த 'இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்' என்னும் நூலை அவர் தம் வாழ்நாளில் வெளியிட்டிலர். நண்பராகிய ஆடம் ஸ்மித்தும் தயங்கினமையின், ஹியூமின் உடன்பிறந்தார் மகனார் அதனை 1779-இல் வெளிப்படுத்தினர். அதனை நாத்திகமென்று தொடாதொழிவாரும், சமயங்கட்கு முடிவுரையென்று கொண்டாடுவாரும் அதனை முற்றக் கற்றாரல்லர்.

பன்னிரு பகுதியான் இயன்ற இந்நூலில் வாதிப்போர் மூவர். கடவுளியல்பு மக்கள் அறிவிற்கு எட்டாதென்பார் டெமியா. உலகின் ஒழுங்கைக் கண்டு, ஆக்கியோன் அறிவுடையன் எனக் கருதலளவையாற் சாதிப்பார் கிளீந்தீஸ். ஐயவாதி பைலோ. வீட்டைக் கண்டு தச்சன் உண்மை துணிதல்போல உலகைக் கண்டு இறைவன் உண்மை துணியலாம் என்பது கிளீந்தீஸ் கூற்று. வீட்டிற்கும் தச்சனுக்கும் உள்ள அவிநாபாவம் பல்காற் கண்டறிந்தது. உலகம் ஆக்கப்படுதலைக் கண்டார் யாவர் என்பது பைலோவின் தடை. உவமை எத்துணைப் பொருந்துமோ அத்துணையே முடிபும் செல்லற்பாலது என்பதே அத்தடையின் உயிர்நிலை. தச்சர் பலர் கூடி ஒரு வீடு எடுத்தல்போலக் கடவுளர் பலர் கூடி உலகு செய்தாரென்றல் ஏன் ஆகாது என்னும் வினாவிற்குக் கிளீந்தீஸிடம் தக்க விடையில்லை.

உலகம் ஒரு சிலந்தியின் வயிற்றினின்றும் நூற்கப்பட்டதென இந்தியப் பிராமணர் கூறுவரென்று ஏழாம் பகுதியிற் பைலோ மொழிகின்றார். ஒழுங்கு அறிவினின்றே தோன்றவேண்டுமோ, வயிற்றினின்றும் தோன்றலாகாதோ என வினவுதற்கு அதனை எடுத்தாண்டமை நயமுடைத்து. ஆயினும் முண்டக உபநிடதத்தில் அச்சிலந்தி உவமையாய் வந்ததன்றிப் பொருளாய் வந்ததன்று. வடமொழி அறியாதவரைக் குறைகூறுதல் வேண்டா. எனினும், சான்றின் அளவே நம்புக என்று அற்புதங்களைப் பற்றி 1748-இல் எழுதியவர் ஈண்டுச் சான்றை நிறுத்துப் பார்த்திலர் என்பது குறிக்கொள்ளத்தக்கது.

பத்தாம் பதினோராம் பகுதிகளே நூலின் வலிமிக்க இடங்கள். தீமையை நீக்க விரும்பியும் மாட்டானெனின் கடவுள் ஆற்றலிலன். மாட்டியும் விரும்பானெனின் அருளிலன். விருப்பும் ஆற்றலும் ஒருங்குடையனெனின் தீமை எங்ஙனம் வந்தது? பண்டை எபிக்கூரஸின் இவ்வினாவைப் பைலோ புதுப்பிக்கின்றார். உலகின் முதற்காரணம் நன்மை தீமை இரண்டினும் பற்றற்றதென்பதே கண்கூட்டிற்கு இசைவது என்று அவர் முடிக்க, அதுகாறும் அவரைத் தம் துணையென்று கருதியிருந்த டெமியா வெகுண்டு அகல்கின்றார். உயிர் புதிதாகப் படைக்கப்பட்டதென்பார்க்கு இவ்வினா மிகக் கடிது. உயிர் அநாதி என்பார்க்கும் அது வேறு வடிவு கொள்ளுமன்றி முற்றும் ஒழியாது.

இறுதிப் பகுதி ஒழுக்கம் பற்றியது. கெட்டுத் திரிந்த சமயமாயினும் சமயமின்மையினும் நன்று, மறுமையச்சம் ஒழுக்கத்திற்குக் காவலாமாதலின், என்பார் கிளீந்தீஸ். அங்ஙனமாயின் சமயப் போர்களும் கொடுமைகளும் வரலாற்றை நிறைத்தல் என்னை என்பார் பைலோ. இயல்பாயுள்ள நேர்மை சிறிதளவேனும், சேய்மைக்கண் உள்ள நரகத்தினும் மக்களை மிகுதியும் இயக்கும் என்பது அவர் துணிபு. எடின்பரோவில் 1697-இல், தாமஸ் எய்க்கன்ஹெட் என்னும் இருபது வயது மாணாக்கன் சமயப்பழிப்புக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டான். அந்நகரிற் பிறந்தவர் இவ்வாறு எழுதியதில் வியப்பில்லை. நம்பிக்கையற்றார் ஒழுக்கமும் அற்றார் என்பார்க்கு ஹியூமின் வாழ்க்கையே மறுப்பாயிற்று. அவர் இறந்தபின் ஸ்மித் எழுதிய கடிதம், மக்களியல்பின் குறைபாடு இடந்தருமளவு அறிவும் அறமும் நிரம்பியவர் என அவரைப் போற்றியது. பிரித்தானிய வாணிக முறையைக் கடிந்தெழுதியதற்குப் பெற்ற வசையினும் பதின்மடங்கு வசை அக்கடிதத்தாற் பெற்றதாக ஸ்மித் பின்னர்க் கூறினார்.

ஆனால் ஹியூம் ஆண்டு நின்றிலர். 1776 ஜூலை 7-ஆம் நாள் பாஸ்வெல் என்பார் நோயுற்றிருந்த அவரைக் காணச் சென்றார். சாவை அஞ்சாது அமைதியுற்றிருந்த அவர், எல்லாச் சமயங்களின் ஒழுக்கமும் தீயதே என்று துணிந்து கூறியதாகப் பாஸ்வெல் குறித்துள்ளார். ஐரோப்பாவின் பண்டைச் சமய வரலாற்றை அவர் நன்கு அறிவார். கீழ்நாட்டுச் சமயங்களையோ பிறர் எழுதிய குறிப்புக்களாலன்றி அறியார். சிலவற்றைக் கண்டு அனைத்தும் அன்னவென்றல் ஏதுப்போலி. கிளீந்தீஸ் ஓருலகைக் கண்டு உலகின் முதலைத் துணிந்தது பிழையாயின், இதுவும் பிழையே. உவமையின் எல்லை கடவாதேயென்று பன்னிரு பகுதியிலும் பிறர்க்கு விதித்த தடை, நூலாசிரியர் வாய்மொழிக்கும் உரியது. சிறுபருவத்தே 'மனிதனின் முழுக்கடமை' என்னும் கிறித்தவ நூலின் இறுதியிலுள்ள குற்ற அட்டவணையைக் கைக்கொண்டு, அதனால் தம்மைத் தாமே சோதித்து வந்ததாகவும் அவர் அன்று பாஸ்வெல்லிடம் கூறினார்.