மூன்று கால் குதிரையைக் கண்டேன்!

ஐயோ, எங்கே ஆரம்பிக்கிறது! கோபன்ஹேகன் தேசியக் கலைக்கூடத்துக்குள் நுழைந்ததும் வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காமல், ஓட்டமும் நடையுமாக டேனிஷ் ஓவியர் எகில் யாகப்சனின் ‘குவியல்’ ஓவியத்தின் முன்னால் போய் மூச்சிரைக்க நின்றேன். பெரிய படம்கூட இல்லைங்க. ஆனால் அந்த வண்ணம்! மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி வழிகிறது, சொட்டுகிறது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதிக்கிறது. 1938இல், ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கத் தொடங்கிய ஆண்டில் தீட்டியது. பீரங்கி இல்லை, பிணம் இல்லை, ஆனாலும் எனக்கு அடிவயிறு கலங்கியது.

இப்போது அப்படியே 1941க்கு வாருங்கள். முந்தைய ஆண்டு ஏப்ரல் 9 விடியற்காலையிலேயே ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் புகுந்தாயிற்று. இந்த மாதிரி ஓவியங்களை ‘சீரழிந்த கலை’ என்று மியூனிக்கில் கண்காட்சி வைத்துக் கேலி செய்த கூட்டம் தெருவில் பூட்ஸ் சத்தத்தோடு நடக்கிறது, இவர்களோ, யாகப்சன், ஆஸ்கர் யோர்ன், கார்ல்-ஹென்னிங் பீடர்சன், எல்ஸ அல்ஃபெல்ட் என்று ஓர் ஓவியர் பட்டாளமே சேர்ந்து பத்திரிகை நடத்துகிறது, பேர் ‘ஹெல்ஹெஸ்டன்’, டேனிஷ் நாட்டார் கதைகளில் வரும் மூன்று கால் குதிரை, கண்ணில் பட்டால் சாவு நிச்சயமாம், அந்தப் பேரை அட்டையில் போட்டு எதிரியின் கண்ணெதிரிலேயே விற்கிறார்கள், உள்ளே குழந்தைகளின் ஓவியம், நாட்டார் கலை, போதாததற்கு வரவேற்பறையில் மாட்டும் மலிவுப் படங்களை யோர்ன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார், அதே ஆண்டில் சர்க்கஸ்காரர்கள் மாதிரி கூடாரமடித்து 13 பேர் கண்காட்சி வேறு, சுத்தமான இனம் சுத்தமான கலை என்று உறுமியவனுக்கு வண்ணத்தாலேயே பழிப்புக் காட்டுகிறார்கள், என்ன தைரியம், என்ன குறும்பு, நினைத்தபோது என்னை அறியாமல் “பலே!” என்று கத்தியேவிட்டேன்!

காவலாளி அம்மா திரும்பிப் பார்த்தார். அசடு வழிந்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே படத்தின் முன்னால்.

அந்த ஓவியர் பட்டாளத்தின் சில படங்கள் அவசரத்தில் அள்ளித் தெளித்தவைதான். இருக்கட்டுமே! யோர்ன் ஒரு பக்கம் தடைசெய்யப்பட்ட கம்யூனிஸ்ட் பத்திரிகையை அச்சடிக்க உதவிக்கொண்டே மறுபக்கம் வரைந்தார். அந்தக் கையிடம் நிதானம் கேட்க நான் யார்?

யோர்ன் வளர்ந்த ஊர் சில்கபோர். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மன் படை அங்கே ஒரு பழைய சிகிச்சை விடுதியில் தலைமையகம் வைத்திருந்தது. அந்த இடம் இன்றைக்கு ஒரு கலைக்கூடம்! பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். வருகிறீர்களா?