பாட்டைக் கேட்டவர் யார்?

இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டிலிருந்து வந்த ‘பல்ப்’ குழு 2001-க்குப் பிறகு 24 ஆண்டுகள் ஆல்பமே போடவில்லை. 2025 ஜூனில் ‘மோர்’ வெளிவந்ததும் அங்குள்ள விமர்சகர்கள் அதைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்து மேய்ந்தார்கள். அந்த விமர்சன மரபுக்கும் ஒரு நோய் உண்டு. திரும்பி வருகிறவரைப் பழைய அவரோடு நிறுத்தித்தான் அளக்கும். 1989-ல் முதல் ஆல்பத்தால் கொண்டாடப்பட்ட ‘ஸ்டோன் ரோசஸ்’ 1994-ல் இரண்டாவதைப் போட்டபோது, அது முதலாவதைப் போல இல்லை என்பதே பெரிய குற்றமாகிவிட்டது. ஆனாலும் குறை சொல்வதற்காகவாவது முழுசாகக் கேட்டார்கள்.

வடசென்னைப் பாட்டான கானாவுக்கு இங்கே அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. திட்டியவர்களும் கேட்கவில்லை, கொண்டாடியவர்களும் கேட்கவில்லை.

இசையமைப்பாளர் தேவாவையே எடுத்துக்கொள்வோம். ‘அண்ணாமலை’ (1992), ‘பாட்சா’ (1995), ‘காதல் கோட்டை’ (1996) என்று அவர் உச்சத்தில் இருந்த நாட்களில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த சொற்கள் இரண்டு: காப்பி, கானா. இரண்டும் வசவுதான். 2022 நவம்பரில் சென்னையில் ‘தேவா தி தேவா’ கச்சேரி நடந்தபோது ரஜினிகாந்தே வந்து பாராட்டினார். அந்தப் படங்கள் வந்த காலத்தில் பிறந்திராத பிள்ளைகள் இன்று அவரைத் தலையில் வைத்து ஆடுகிறார்கள். தாமதமாக வந்தாலும் நல்ல மரியாதை. ஆனால் வசவு கொஞ்சலாக மாறியதே தவிர, பாட்டைப் பற்றிய பேச்சு ஓர் அடியும் நகரவில்லை. முன்பு ‘லோக்கல்’ என்று ஒதுக்கினார்கள், இப்போது அதே ‘லோக்கல்’ என்று ரசிக்கிறார்கள்.

காப்பி என்ற குற்றச்சாட்டையாவது யாராவது தோண்டியிருக்கலாம். கானாவில் மெட்டை எடுத்தாள்வது தொழில்முறை. ஓடிய சினிமாப் பாட்டின் மெட்டில் புதுச் சொற்களைக் கட்டுவது ஒளித்துச் செய்கிற வேலை இல்லை. கேட்கிறவனுக்கு மூலம் தெரிந்திருப்பதில்தான் பாதி ருசி. அப்படியானால் சினிமா கானாவை எடுத்தாள்வதும் அதே கணக்குத்தானா? இல்லை என்பேன். தெரு சினிமாவிடம் எடுத்தால் சினிமாவுக்கு ஒரு நட்டமும் இல்லை. சினிமா தெருவிடம் எடுக்கும்போது பெயரும் பணமும் ஒரே பக்கம் சேர்கின்றன. 2012-ல் ‘அட்டகத்தி’ படத்தில் கானாப் பாடகர் கானா பாலாவே பாடியது இதை ஓரளவு சரிசெய்தது. ஓரளவுதான்.

விமர்சனம் என்ற ஒன்று கானாவுக்கு இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் சாவு வீட்டில் விடிய விடிய மரண கானா பாடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தால் தெரியும். செத்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினாரா, விசைப்படகில் போனாரா, எண்ணூர்ப் பக்கக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தாரா என்பதெல்லாம் அந்த நேரத்திலேயே பாட்டுக்குள் வந்தாக வேண்டும். சொல் தாளத்தில் உட்காரவில்லை என்றால் கூட்டம் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். எங்கே இழுத்தான், எங்கே முந்தினான், எந்தப் பாட்டின் மெட்டை எப்படி மடக்கினான் என்பதை அங்குள்ள டீக்கடைக்காரர் பிட்டுப் பிட்டு வைப்பார். இந்தச் செவியறிவு அச்சுக்கு வரவில்லை என்பதுதான் சங்கடம். அதற்கும் ஒரு குறை உண்டு. மைக் பெரும்பாலும் ஆண்கள் கையிலேயே சுற்றியது. அதை அந்தக் கூட்டம் பெரிதாகக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய 19 பேர் குழு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. பெயருக்கு ஊற்று, சாதி பேதமற்ற தமிழரைப் பற்றிப் பேசிய அயோத்திதாசப் பண்டிதர். குழுவில் ராயபுரத்துப் பெண் இசைவாணியும் இருந்தார். மறுநாள் முதல் வந்த கட்டுரைகள் அம்பேத்கர், இடஒதுக்கீடு, மாட்டுக்கறி என்று எழுதித் தள்ளின. எழுத வேண்டியவைதான். ஆனால் ட்ரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் தாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்போது கானாக்காரரின் இழுப்புக்கு என்ன ஆகிறது என்று எழுதியவர்களைத் தேட வேண்டியிருந்தது. என் காதுக்கு, மேடையில் அவர்கள் அடிக்கும் அடியில் பாதிதான் பதிவில் கேட்கிறது; ஸ்டுடியோவில் குரல்கள் வரிசையில் நிற்கின்றன, மேடையில் முண்டியடிக்கின்றன. இப்படிக் குறை சொல்வதை எதிரிக்குத் துணைபோவதாக நினைத்த ஆதரவாளர்கள் குழுவுக்கு நல்லது செய்யவில்லை. புகழ் மட்டுமே கேட்ட கலைஞர் எதை வைத்து அடுத்த பாட்டைத் திருத்துவார்?

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் எண்ணூரிலேயே இருக்கிறது. 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா கழிமுகத்தில் நின்று பாடி வெளிவந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’. எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். கர்நாடக இசை ரசிகர்கள் அந்த ராகமாலிகையின் ராகங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பிரித்தார்கள். மெட்ராஸ் பாஷை ராகத்தில் பொருந்துகிறதா என்று வாதிட்டார்கள். அருமையான வாதம். அதே அக்கறை இசைவாணியின் குரலுக்கு ஏன் கிடைக்கவில்லை? 2020-ல் பிபிசி உலகின் 100 பெண்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது ‘முதல்’, ‘பெண்’, ‘வடசென்னை’ என்ற சொற்களே திரும்பத் திரும்ப வந்தன. 2024 நவம்பரில், சபரிமலையில் பெண்கள் நுழைவு விவாதத்தை ஒட்டிச் சில ஆண்டுகளுக்கு முன் பாடிய பாட்டுக்காக அவர்மீது புகார்கள் குவிந்தன. பழைய பாட்டு திடீரென்று திரும்பி வந்ததும் ஒருவித ‘கம்பேக்’தான், ஆனால் யாரும் விரும்பாத விதத்தில். அப்போதும் இரு தரப்பும் முதல் அடியைப் பிடித்துக்கொண்டு சண்டையிட்டன. பாட்டில் மீதி என்ன இருக்கிறது என்பது இரு தரப்புக்கும் தேவைப்படவில்லை.

அரசியலை விட்டுவிட்டு இசையை மட்டும் பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை. கானாவில் அவை இரண்டும் பிரியாது. சாவு வீட்டில் யார் பெயரைப் பாடுகிறோம் என்பதே அரசியல்தான். ஆனால் எவ்வளவு உயர்ந்த கருத்தானாலும் அது குரலில் ஏறி, அடியில் இறங்கித்தான் நம்மிடம் வருகிறது. அந்த வழியைப் பேசாத பாராட்டு அந்தப் பாடகர்களைச் செய்தியாளர்களாக்கிவிடுகிறது, கலைஞர்களாகப் பார்ப்பதில்லை.

தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கானாத் தொகுப்பு வரும்போது, அதற்கு மதிப்புரை எழுதும் வேலையைக் காசிமேட்டில் பாடிப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். மற்ற மதிப்புரையாளர்களுக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தோடு.