வாயுக் கணக்கில் வழுக்கும் தமிழ்ச் சொற்கள்

எஸ்.டி.பி.எம். வேதியியல் முதல் தவணையில் வரும் வாயுச் சமன்பாட்டை நம் பிள்ளைகள் மலாயில் ‘காஸ் உங்குல்’ என்று படிக்கிறார்கள். புரியாவிட்டால் தமிழ்க் குறிப்பு தேடுவார்கள். தமிழகப் பாடநூலில் அது ‘நல்லியல்பு வாயு’. இலங்கையில் ‘இலட்சிய வாயு’. இரண்டும் ஒன்றுதான் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சொல்லும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. நம்ம ஊரில் இலட்சியம் என்றால் ‘எனது இலட்சியம்’ கட்டுரைதான் நினைவுக்கு வரும். நல்லியல்பு என்றாலோ நல்ல குணம். (உங்குல் மட்டும் என்னவாம், அதுவும் ‘சிறந்தது’தான்!) உண்மையில் இப்படியொரு வாயுவே கிடையாது. துகள்களுக்குக் கன அளவு இல்லை, ஒன்றையொன்று ஈர்ப்பதும் இல்லை என்று கணக்குக்காக வைத்துக்கொண்ட கற்பனை அது. அழுத்தம் குறைந்து வெப்பநிலை உயர்ந்தால் உண்மை வாயு அதை நெருங்கும்; திரவமாகப் போகும் நிலையில் விலகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால் நான் நல்லியல்பையே எடுப்பேன். பேச்சு வாயுவின் இயல்பைப் பற்றியது என்றாவது அது காட்டுகிறது.

இதைவிடப் பெரிய குறை கணக்குகளின் வாசகத்தில் இருக்கிறது. ‘மூடிய கலன்’ என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். மூடியிருந்தால் மோல் எண்ணிக்கை மாறாது, அவ்வளவுதான். கன அளவு மாறுமா என்பது வேறு கேள்வி. பலூனும் மூடியதுதானே! விரிந்துகொடுக்காத கலன் என்றால் கன அளவு மாறாது. தாராளமாக நகரும் பிஸ்டன் என்றால், வெளியழுத்தம் மாறாதவரை, உள்ளே அழுத்தம் மாறாது. இந்த ஒரு சொல் விடுபட்டால் மாணவன் எதை மாறிலியாக எடுப்பான்?

விரியாத கலனில் 27 பாகை செல்சியஸில் 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் உள்ள வாயுவை 127 பாகைக்குச் சூடாக்குங்க. 300 கெல்வின் 400 ஆகிறது, அழுத்தம் 133 கிலோபாஸ்கல். செல்சியஸிலேயே வகுத்தால் 470 என்று வந்து நிற்கும்.

22.4-க்கு வருவோம். 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது அறிவிக்கப்பட்ட வாயுக்களில் பென்சீனும் ஒன்று. பி.பி.எம். அளவை ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மாற்ற இதே சமன்பாடுதான் வேண்டும். 1 வளிமண்டல அழுத்தத்தில், 30 பாகையில், ஒரு மோல் வாயு சுமார் 24.9 லிட்டர். பென்சீனின் மோலார் நிறை 78. ஆக, 1 பி.பி.எம். என்பது சுமார் 3.1 மில்லிகிராம். மனப்பாடமாக 22.4 போட்டால் 3.5 வரும். அந்த 22.4 என்பது 0 பாகைக்கு உரியது. ஜொகூர் பாருவில் அந்தக் குளிர் ஏதுங்க?