கோளிலிப் பதிகத்தில் நெல் வேண்டல்

ரிஷிவந்தியமும் திருநாவலூரும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்துள்ள நடுநாட்டு ஊர்கள். முன்னது அர்த்தநாரீசுவரர் கோயிலால் அறியப்படுவது. பின்னது சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த பெருமையுடையது. அந்நாட்டுப் புலவராகிய நம்பியாரூரர் இறைவனிடம் பொன்னும் நெல்லும் வேண்டிப் பாடியமை கொண்டு, அவர்தம் பத்தியைப் பயன் கருதியதென ஒரு சாரார் குறை கூறுவர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஏழாந் திருமுறையின் 20-ஆம் பதிகமாகிய திருக்கோளிலிப் பதிகங் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பதிகத்தின் வரலாற்றைச் சேக்கிழார் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் விரித்துரைக்கின்றார். திருவாரூரில் பரவையார் மனைக்கு நெல் முதலியன அனுப்பி வந்தவர் குண்டையூர்க் கிழார். மழையின்மையால் விளைவு சுருங்கவே, அனுப்புதற்கு நெல் இல்லையே என அவர் வருந்தினார். இறையருளால் வானளாவ நெல் குவிந்தது. அதனைச் சுமக்க மனிதரால் இயலவில்லை. ஆரூரர் கோளிலியிற் பாடப் பூதங்கள் அந்நெல்லைத் திருவாரூர்க்குக் கொணர்ந்தன என்பது புராணம்.

இனி, பதிகத்தை நோக்குவோம். சேக்கிழார் மலையெனக் கூறும் நெல்லைப் பதிகம் சிலவென்றே சுட்டுகின்றது. புலவர் கேட்பது செல்வமன்று. பெற்ற நெல்லை இல்லஞ் சேர்ப்பிக்கும் துணையே. கேட்பதற்குரிய காரணமும் தம் பசியன்று. இல்லத்தாள் வாடுவாளே என்னும் கவலையாம். வேண்டுகோள் நிறைவேறிய செய்தி பதிகத்துள் யாண்டும் இல்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. கடைக்காப்பு ஒழிந்த பாட்டுத்தோறும் விண்ணப்பமே ஈற்றில் நிற்கின்றது. அருளைப் பெற்றபின் பாடிய நன்றியுரை அன்று இது. பெறுதற்கு முன்னரே, இல்லாமையின் நடுவே நின்று பாடியது. நம்பிக்கை என்பது வறுமையை மறைத்து அமைதி காட்டுவதன்று. இன்ன பொருள், இன்னார்க்கு, இன்ன தடை என வெளிப்படக் கூறுதலே எனப் பதிகம் உணர்த்துகின்றது.

பயன் கருதாப் பத்தியே உயர்ந்தது என்னும் கொள்கையை யாம் மறுத்திலேம். ஆயினும் உணவும் உடையும் இறைவனிடம் கேட்கத்தகாத சிறுபொருள்கள் என்பது ஆரூரர் கருத்தன்று. கொடாதாரைப் பொய்யாகப் புகழ்ந்து இரத்தலை விடுமாறு புலவர்க்கு அறிவுறுத்தும் திருப்புகலூர்ப் பதிகத்துள், இம்மையில் சோறும் கூறையும், மறுமையில் சிவலோகமும் கிட்டும் என இரண்டையும் ஒருங்கே வைத்துரைக்கின்றார். இறைவனிடம் இரப்பவன் பிறரிடம் தன் சொல்லை விலைப்படுத்த வேண்டுவதில்லை என்பதே அதன் உட்கிடை.

அருள் வந்தபின் அது யார்க்கு உரியது என்னும் வினாவும் எழுகின்றது. திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது அப்பரும் சம்பந்தரும் பெற்ற படிக்காசுகள் அடியார்க்கு அமுதாயின என்பர் சேக்கிழார். திருவாரூரிலும் அவ்வாறே: வீதி நிறைந்த நெல்லைத் தம் களஞ்சியத்திற்கே உரியதாக்காது, அவரவர் மனையெல்லையிற் கிடந்ததை அவரவரே கொள்க எனப் பரவையார் பறையறைவித்தார்.

எனவே, பதிகம் சில நெல் என்றதும் புராணம் நெல்மலை என்றதும் முரணல்ல என்பதே எம் துணிபு. ஓர் இல்லத்தின் குறை தீர்க்கச் சில நெல் போதும். ஓர் ஊரின் குறை தீர்க்க மலையே வேண்டும். பரவையாரின் பறையொலியையும் உடன் வைத்துக் கற்பார்க்கு, ஆரூரரின் வேண்டுகோள் தன்னலமாகத் தோன்றாது.