கூரை இல்லாத கார்

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது ஞாபகமிருக்கிறதா? போடிநாயக்கனூரில் பலருக்கும் அந்த வருஷம் ஏதாவது ஒரு ஆசை நிறைவேறியது. சிலர் வீடு கட்டினார்கள், சிலர் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள். ஏலக்காய் வியாபாரியான என் நண்பருக்கு மட்டும் விசித்திரமான ஆசை. அறுபதுகளில் வந்த, கூரை இல்லாத, ரெண்டே சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும்.

பணம் ரெடி. கோவை, பெங்களூரு, சென்னை என்று 'கிளாசிக்' போர்டு மாட்டிய கடைகளாக ஏறி இறங்கினோம். உள்ளே போனால் நாலு வருஷம் ஓடின ஜெர்மன் கார்கள் பளபளவென்று நிற்கின்றன. ஒரு கடையில் "எம்.ஜி. இருக்கா தம்பி?" என்று கேட்டார் நண்பர். பையன் சட்டென்று, "ஹெக்டர்தானே சார்? அது புதுசு. அடுத்த தெருவுல ஷோரூம் இருக்கு" என்றான். அவன் மேல் தப்பில்லை. எம்.ஜி. என்றால் இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்த குட்டி ரெண்டு சீட்டர் என்று அவனுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

ஏன் இந்தப் பஞ்சம்? பி.காம். படித்தவனுக்கு இதில் முதலில் தெரிவது கணக்குதான். பழைய கார் இறக்குமதி செய்தால் மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது நாங்கள் தேடிய காலத்துச் சட்டம். 1950-க்கு முந்தையவைக்குத்தான் தனிச் சலுகை. அதாவது 1965-ம் வருஷத்து கார் தாத்தாவும் இல்லை, பேரனும் இல்லை. ரெண்டு வாசலிலும் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே சமஸ்தானங்களும் தோட்டத் துரைகளும் விட்டுப்போனதுதான் கையிருப்பு. அதிலும் சிலதை சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸில் ஓட்டி உடைத்தோம். தப்பித்தவை குடும்பத்துக்குள், கிளப்புக்குள், காதோடு காதாக கை மாறுகின்றன. கடைக்காரர் காதுக்கு வருவதற்குள் வேறு ஷெட்டுக்குப் போய்விடும். அப்படியே ஒன்று வந்தாலும் சரியான ஆள் வருகிறவரை ரெண்டு வருஷம் வாடகை கட்டி நிறுத்திவைக்க எந்த வியாபாரிக்கு கட்டுபடியாகும்?

அந்தக் கடைகள் மேல் எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். இல்லாத சரக்கை இல்லை என்று சொல்ல மாட்டார்கள். தொண்ணூறுகளில் வந்த சாதாரண காருக்கு சிவப்பு பெயின்ட் அடித்து, 'கிளாசிக்' என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். பழசு என்பது பெயின்ட் இல்லைங்க.

நம் ஊரிலேயே ஒரு நல்ல பழசு இருந்தது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலொட்டி. அதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். என் நண்பர் தேடிய காரின் அண்ணன் நம்ம மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவன்! 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுக்கு இதைவிடத் தோதான கார் உண்டா? அதைத்தான் நாம் எடைக்குப் போட்டோம். இப்போது ஸ்பிட்ஃபயர் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன். போன தை மாசம் கம்பத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். டீ குடிக்க உட்கார்ந்த நண்பர் திடீரென்று எழுந்து நின்றார். எதிரே ஒரு பழைய ஜீப். கூரை கிடையாது, முன் கண்ணாடியை மடக்கிவிடலாம், பானெட் கூன் விழுந்த மாதிரி உயரம். வில்லிஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்த வடிவம் அது. புது எஞ்சின் உயரமாகிப் போனதால் பானெட்டைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் அறுபதுகளோடு நிறுத்திவிட்டார்கள். நம்ம மஹிந்திரா அதற்கப்புறமும் பல வருஷம் போட்டுக்கொண்டிருந்தது. அழகுக்காக ஒரு கோடுகூட இழுக்காத இந்த வண்டி, நான் கடைகளில் பார்த்த எல்லாவற்றையும்விட அழகு.

"மெட்ராசுல இருந்தும் கொச்சியில இருந்தும் வந்து கேக்குறாகண்ணே" என்றார் மெக்கானிக். "ஓனர் குடுக்க மாட்டேங்குறாரு. காட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போற வண்டில்ல."

கம்பம், கூடலூர், போடி பக்கம் விடியுமுன் நின்று பாருங்கள். தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுவார்கள். ஜீப் பாதைக்கு முன் இந்த மலையில் மனிதர்கள் எப்படிச் சுமந்து நடந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) பாருங்கள்.

2021-ல் மத்திய அரசு ஒரு விதி போட்டது. 50 வயது தாண்டிய, ஒரிஜினல் மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சிக்குப் போகலாம், ராலிக்குப் போகலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது, சம்பாதிக்கவும் கூடாது. சட்டத்தின் கண்ணில் மதிப்புள்ள வண்டி என்றால் வேலை செய்யாத வண்டி! இந்த ஜீப்புக்கு மரியாதை வருகிற அன்றைக்கு அது பள்ளத்தாக்கை விட்டுப் போய்விடும்.

போகட்டுமே என்றும் தோன்றுகிறது. எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினைந்து பேரைத் திணித்துக்கொண்டு மலையேறுவதை 'பாரம்பரியம்' என்று ரசிக்க நான் யார்? அந்தப் பெண்களுக்கு ஒழுங்கான சீட்டுள்ள பஸ் வந்துவிட்டால் இதை நண்பர் வீட்டுப் போர்டிகோவில் நிறுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பஸ் வராமல் ஜீப் மட்டும் போனால்?

நண்பர் விடவில்லை. ஓனரை வரவழைத்து விலை கேட்டார். அவர் வண்டியைச் சுற்றி வந்து ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தார்.

"மாசியில காய் முடிஞ்சதும் வாங்கண்ணே, பேசுவோம். போட்டோ புடிக்கணும்னா வெரசாப் புடிச்சுக்கங்க. காலைல நாலு மணிக்கு வண்டி ஏறணும்."