கிளை பிரிதலும் கூடுதலும்

ஒரு நூலைப் பலர் கூடித் திருத்தும்போது எது மூலம், எது திருத்தம், எது பிழை என்று எவ்வாறு பிரித்தறிவது? இவ்வினா தமிழ்ப் புலமையுலகிற்குப் புதியதன்று. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளைத் தேடித் தொகுத்த காலத்தில் நாள்தோறும் எதிர்கொண்ட வினா இதுவே. இன்று கணினிக்கு நிரல் எழுதுவோரும் இதே வினாவோடு போராடுகின்றனர். அவர்கள் கண்ட விடைகளுள் மிகுதியாகப் பேசப்பட்டது, நெதர்லாந்து நாட்டு நிரலாளர் வின்சென்ட் டிரீசன் 2010 சனவரியில் வெளியிட்ட ஒரு கட்டுரை. ‘வெற்றி கண்ட ஒரு கிட் கிளைமுறை’ என்று பொருள்படும் தலைப்பை உடையது அது. பயிற்சித் தொகுதிகளையும் வினாத்தாள்களையும் கூட்டாக ஆக்கும் தமிழாசிரியர்கள் அதன் நிறையையும் குறையையும் அறிந்துகொள்வது நன்று.

தாய்ச் சுவடியும் சேய்ச் சுவடியும்

சுவடிகளைப் படியெடுத்தோர், தாம் எந்தச் சுவடியைப் பார்த்து எழுதினர் என்பதைப் பெரும்பாலும் குறித்து வைத்ததில்லை. ஆகவே பின்வந்த பதிப்பாசிரியர்கள் சுவடிகளின் பிறப்பு வழியைப் பிழைகளைக் கொண்டே உய்த்துணர வேண்டியதாயிற்று. ஒரே வகையான பிழை இரு சுவடிகளில் காணப்படின் அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று கொள்வது அவர்கள் கண்ட நெறி. பூனாவிலுள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மகாபாரதத்தின் செம்பதிப்பை 1919-இல் தொடங்கி 1966-இல்தான் நிறைவு செய்தது. அதற்காக 1,259 சுவடிகள் ஒப்புநோக்கப்பட்டன. வட வழக்கு, தென் வழக்கு என இரு பெருங்கிளைகளும் அவற்றின் உட்கிளைகளும் வகுக்கப்பட்டன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைப்பின் பெரும்பகுதி, எது எதிலிருந்து பிரிந்தது என்று கண்டறிவதற்கே செலவாயிற்று எனலாம்.

‘கிட்’ என்னும் மென்பொருள் இந்த உழைப்பைத் தொடக்கத்திலேயே தவிர்க்க முயல்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலைப் பாதுகாக்கப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்னும் மென்பொருளின் இலவச உரிமை 2005-இல் நின்றுபோயிற்று. அந்நிலையில் லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரலில் கிட்டை ஆக்கினார். அதே ஆண்டு சூலையில் அதைப் பேணும் பொறுப்பு சூனியோ ஹமானோ என்பவரிடம் சென்றது. கிட்டில் திருத்தம் ஒவ்வொன்றும் ஒரு பதிவாகிறது. அப்பதிவில் யார் திருத்தினார், எப்போது திருத்தினார், ஏன் திருத்தினார் என்னும் குறிப்புகளோடு, எந்தப் பதிவிலிருந்து அது பிறந்தது என்பதும் சேர்ந்தே இருக்கிறது. தாய்ச் சுவடியின் பெயரைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டு பிறக்கும் சுவடி என்று அதைச் சொல்லலாம்.

கிளையின் இயல்பு

கிட்டில் கிளை என்பது நூலின் மற்றொரு படி அன்று. ஒரு பதிவின் அடையாளமாகிய 40 எழுத்துகளைத் தாங்கி நிற்கும் சிறு குறிப்பே கிளை. ஆகையால் கிளை பிரிப்பதற்கு ஒரு நொடியும் ஆவதில்லை. அதற்கு முன்னிருந்த கருவிகளில் பிரிப்பது எளிதாயினும் கூட்டுவது கடினமாக இருந்தது. சப்வர்சன் என்னும் புகழ்பெற்ற கருவி, எந்தத் திருத்தம் ஏற்கெனவே இணைந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கியதே 2008-இல் வந்த 1.5-ஆம் பதிப்பில்தான்.

இணைப்பு நிகழும் வகையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆசிரியரும் கிள்ளானில் ஓர் ஆசிரியரும் ஒரே இலக்கணப் பயிற்சித் தொகுதியைத் தனித்தனிக் கிளைகளில் திருத்துகின்றனர் என்று கொள்வோம். இணைக்கும்போது கிட் அவ்விரண்டையும் மட்டும் ஒப்பிடுவதில்லை. அவை பிரிவதற்கு முன்னிருந்த பொது மூலத்தையும் சேர்த்து மூன்றாக வைத்து நோக்குகிறது. ஒருவர் மட்டுமே மாற்றிய இடத்தில் அம்மாற்றத்தை ஏற்கிறது. இருவரும் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருப்பின், தானாக எதையும் தெரிவு செய்யாமல் இரு பாடங்களையும் குறியிட்டு நிறுத்தி, ‘முடிவு கூறுக’ என்று மனிதரிடம் விட்டுவிடுகிறது. ஐயர் தம் பதிப்புகளில் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பாகக் காட்டிய நேர்மைக்கு இது நெருங்கியது.

ஆயினும் இக்கருவி அறியாத முரண் ஒன்று உண்டு. பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர் ‘உரிச்சொல்’ என்றிருந்த இடங்களிலெல்லாம் ‘பெயரடை’ என்று மாற்றிவிடுகிறார். கிள்ளான் ஆசிரியரோ, அதனை அறியாமல், தொகுதியின் இறுதியில் ‘உரிச்சொல்லை எடுத்தெழுதுக’ என்று ஒரு புதிய வினாவைச் சேர்க்கிறார். இருவரும் ஒரே வரியைத் தொடவில்லை. ஆகவே கிட் முரண் எதனையும் காணாமல் இணைத்துவிடுகிறது. வகுப்பில் அத்தொகுதியைப் பெறும் மாணவன், பாடத்தில் இல்லாத சொல்லுக்கு விடை தேடித் திகைக்கிறான். வரியளவில் ஒற்றுமை, பொருளளவில் வேற்றுமை. கிளைகள் நெடுநாள் பிரிந்திருக்குமாயின் இத்தகைய மறைமுரண்கள் பெருகும். டிரீசனின் கட்டுரையை அளக்கும் அளவுகோலும் இதுவே.

டிரீசன் வகுத்த அமைப்பு

டிரீசன் இரண்டு நிலைக்கிளைகளை வைத்தார். வெளியிடப்பட்ட வடிவம் ‘மாஸ்டர்’ கிளையிலும், அடுத்த வெளியீட்டிற்காக வளர்ந்துவரும் வடிவம் ‘டெவலப்’ கிளையிலும் என்றென்றும் இருக்கும். இவற்றுக்குத் துணையாகத் தோன்றி மறையும் கிளைகள் மூவகை. புதுக்கூறுகளை ஆக்குவதற்கு ஒன்று. வெளியீட்டுக்கு முன் மெருகிடுவதற்கு ஒன்று. வெளிவந்த நூலில் கண்ட பிழையை உடனே திருத்துவதற்கு ஒன்று.

இவ்வமைப்பின் தெளிவு பாராட்டத்தக்கது. ஒவ்வொரு கிளைக்கும் பிறக்குமிடமும் சேருமிடமும் வரையறுக்கப்பட்டுள்ளன. அவசரத் திருத்தம் மாஸ்டரிலிருந்து பிரிந்து, மாஸ்டரிலும் டெவலப்பிலும் ஆக இரண்டிலும் சேர வேண்டும் என்ற விதி கூர்ந்து கண்ட விதி. அச்சிட்டு வகுப்புக்குச் சென்றுவிட்ட பாடநூலில் ஒரு பிழை கண்டால், மறு அச்சில் திருத்துவதோடு அடுத்த பதிப்பின் கையெழுத்துப்படியிலும் திருத்த வேண்டுமன்றோ? அதனை மறந்தால், மாண்டுபோன பிழை புதிய பதிப்பில் உயிர்பெற்று எழும். பதிப்புத் துறையினர் பட்டறிந்த இவ்வுண்மையை ஒரு விதியாகவே ஆக்கியது டிரீசனின் தொண்டு.

குறை எங்கே?

குறையும் அவ்விதியிலேயே ஒளிந்திருக்கிறது. ஒரு திருத்தத்தை இரண்டு இடங்களில் சேர்க்க வேண்டிய தேவை, இரண்டு நிலைக்கிளைகளை வைத்ததனால் வந்த தேவையாகும். நோயை உண்டாக்கிவிட்டு மருந்தையும் உடன் தருவது போன்றது இது. அன்றியும், புதுக்கூற்றுக் கிளை எத்தனை நாள் வாழலாம் என்பதற்கு அவர் எல்லை வகுக்கவில்லை. அக்கூறு ஆக்கப்படும் வரை அக்கிளை இருக்கும் என்று விட்டுவிட்டார். வாரக்கணக்கில் தனித்து வளரும் கிளையில் மேலே கண்ட மறைமுரண்கள் எத்தனை பிறக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்குறையைப் பிறர் சுட்டியதோடு டிரீசனும் ஒருவாறு ஒப்புக்கொண்டார். 2020 மார்ச்சில் தம் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு குறிப்பைச் சேர்த்தார். பதிப்பு எண் இட்டு வெளியிடும் மென்பொருளுக்குத் தம் முறை இன்றும் பொருந்தலாம் என்றும், இடையறாது புதுப்பித்து வழங்கப்படும் இணையச் செயலிகளுக்கு ‘கிட்ஹப்’ முறை போன்ற எளிய முறையே ஏற்றது என்றும் அதில் கூறினார். எம்மருந்தும் எல்லா நோய்க்கும் ஆகாது என்பதே அக்குறிப்பின் சாரம். ஸ்காட் சாக்கன் 2011-இல் விளக்கிய அவ்வெளிய முறையில் நிலைக்கிளை ஒன்றே. அதிலிருந்து சிறு கிளை பிரியும். மற்றொருவர் பார்வையிட்டு இசைந்தபின் விரைவில் திரும்பிச் சேரும். பத்தாண்டுகள் தம் பெயரால் வழங்கிய முறைக்குத் தாமே எல்லை காட்டிய டிரீசனின் நேர்மை போற்றற்குரியது. பழி சொல்ல வேண்டுமாயின், ஒருவரின் பட்டறிவை உலகப்பொது இலக்கணமாக ஆக்கிக்கொண்டோரையே சொல்ல வேண்டும்.

தமிழ் கண்ட கிளைப்பிரிவு

நெடுநாள் கூடாத கிளைகள் விளைக்கும் துன்பத்தைத் தமிழ் தானே அறியும். கணினியில் தமிழ் எழுத்துகளுக்கு எண் வகுப்பதில் ஒருகாலத்தில் பல வழக்குகள் நிலவின. இத்துறையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பங்கு சிறிதன்று. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை ஆக்கினார். ஒருங்குறியின் முதற்பதிப்பில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் 1990-களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர் கூடி வகுத்த திஸ்கி ஒரு கிளையாகவும், 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தாப், தாம் ஆகியவை வேறு கிளைகளாகவும் வளர்ந்தன. ஒரு குறியேற்றத்தில் எழுதியதை மற்றொன்றின் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோதும் இச்சிக்கல் முற்றும் தீர்ந்திருக்கவில்லை. இன்று ஒருங்குறி பொதுவழக்கு ஆகிவிட்டது. எனினும் பழைய குறியேற்றங்களில் தங்கிவிட்ட கோப்புகளை மாற்றிப் படிக்க இன்றும் தனிக் கருவிகள் வேண்டும்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அக்கிளைகள் பிரிந்தது குற்றமன்று. ஒவ்வொன்றும் ஒரு தேவையால் பிறந்தது. ஆய்ந்து பார்க்கும் உரிமை அறிஞர்க்கு உண்டு. கூடும் நாள் தள்ளிப்போனதே இழப்பாயிற்று. கோலாலம்பூர் என்னும் ஊர்ப்பெயரே சேறு நிறைந்த கூடுதுறை என்னும் பொருளது. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் அந்நகர் எழுந்தது. கூடிய ஆறு சேற்றோடுதான் வரும். ஆயினும் அது கடலைச் சேர்கிறது.

இணைப்பவர் கடமை

கருவியும் முறையும் எவ்வளவு சிறந்தனவாயினும் இணைப்பவரின் புலமையே இறுதியில் நூலைக் காக்கும். இதில் இரு கடமைகள் தலையாயவை. முதலாவது, முரண்பட்ட இடத்தில் இரு தரப்பினரின் கருத்தையும் கேட்டறிந்து, ஏன் ஒன்றை ஏற்றார் என்பதைப் பதிவில் எழுதிவைத்தல். ‘திருத்தம்’ என்று ஒற்றைச் சொல்லால் எழுதும் குறிப்பு, படியெடுத்தவன் தாய்ச் சுவடியின் பெயரை மறைத்ததற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பழைய பதிவுகளை அழித்து எழுதாமை. பதிவுகளை வேறு அடிமேல் மாற்றி அடுக்கி, வரலாற்றைத் தூய்மையாகக் காட்டும் வசதியும் கிட்டில் உண்டு. தன் கையிலேயே உள்ள கிளையில் அதனைச் செய்வது குற்றமன்று. பிறர் ஏற்கெனவே பெற்று அதன்மேல் தம் உழைப்பைக் கட்டிய கிளையில் செய்தால் அவர்கள் நின்ற அடித்தளமே பெயர்ந்துவிடும். டி. கே. சி. கம்பன் பாடல்களுள் பலவற்றை இடைச்செருகல் என்று தள்ளி, சிலவற்றின் பாடத்தையும் தம் சுவைக்கேற்ப மாற்றினார். அவரோடு உடன்படாதவர் பலர். ஆயினும் பழம் பதிப்புகள் அழியாமல் இருந்ததனால்தான் அவர் கொள்கையை எடைபோட முடிந்தது. மூலம் அழிந்திருப்பின் வாதிடவும் இடமின்றிப் போயிருக்கும்.

ஆசிரியர்க்கு ஏற்ற நெறி

பள்ளிகளுக்கு டிரீசன் முறை வேண்டுமா? ஆண்டு குறித்து, பதிப்பு எண் இட்டு அச்சாகும் பாடநூற்கு அது பெரிதும் பொருந்தும். ஆசிரியர்கள் தமக்குள் ஆக்கிப் பகிரும் பயிற்சித் தொகுதிக்கோ அது மிகையான சுமை. அதற்கு ஒரு நிலைக்கிளையும் சில நாளே வாழும் சிறு கிளைகளும் போதும். இணைக்குமுன் மற்றோர் ஆசிரியர் முழுத் தொகுதியையும் படித்துப் பார்ப்பது இன்றியமையாதது. ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று பெயரிட்ட கோப்புகள் கைப்பேசி வழியே பள்ளிக்குப் பள்ளி சுற்றும் இந்நாளில், எது தாய், எது சேய் என்று அறிய வழியில்லை. கிட் என்னும் பெயரை அறியாமலே நாம் வளர்க்கும் கூடாக் கிளைகள் அவை. அவற்றுள் எதில் உள்ள பிழை மாணவன் ஏட்டில் ஏறுகிறது என்பதும் தெரிவதில்லை.

டிரீசனின் கட்டுரை சிறந்த கட்டுரையே. பிரிவதற்கு அது காட்டிய ஒழுங்கு நிலைத்து நிற்கும். விரைந்து கூடுவதற்கு வேண்டிய நெறியை அது போதிய அளவு வற்புறுத்தவில்லை. தமிழாசிரியர்கள் அதனைப் படிக்கும்போது முன்னதைக் கொண்டு, பின்னதைத் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.